மங்கையரும் இரத்தசோகையும்

காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் ஓடுகிறோம். பல் வலித்தால் இரவெல்லாம் விழித்திருந்து, விடிந்ததும் முதல் ஆளாய்ப் போய் நிற்கிறோம். ஆனால் ஒரு நோய் வலியுமின்றிக் காய்ச்சலுமின்றி வந்து, ஆண்டுக்கணக்கில் உடலில் குடியிருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்கும். பாடத்தில் மனம் நிலைக்காது. கண்ணின் கீழிமை சிவப்பிழந்து வெளுத்திருக்கும். நாமோ இதற்குப் ‘பலவீனம்’ என்று பெயரிட்டுவிட்டு வாளாவிருக்கிறோம். இதன் உண்மைப் பெயர் இரத்தசோகை. கரும்பின் உலர்ந்த இலையையும் நம் உழவர் சோகை என்றே சொல்வர். அதைப் பார்த்தவர்க்கு நோயின் தோற்றத்தை நான் விளக்க வேண்டுவதில்லை.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இந்நோய் உடையவர். தமிழ்நாட்டில் இது 53. நாம் வந்து படிக்கும் ஆந்திரத்தில் ஏறத்தாழ 59. விடுதிப் பந்தியில் எதிரெதிரே அமரும் இருவருள் ஒருவருக்கு இது இருக்கக்கூடும் என்று பொருள். ஆண் நண்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. அவர்களுக்கும் தாயும் தங்கையும் உண்டு.

பெண்களை இது மிகுதியாகப் பற்றுவதேன்? கணக்கு எளியது. நுரையீரலிலிருந்து உயிர்வளியைச் சுமந்து செல்வது குருதியிலுள்ள ஹீமோகுளோபின். அதற்கு இரும்பு வேண்டும். ஒரு மில்லிலிட்டர் குருதியில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. மாதவிலக்கில் 30 அல்லது 40 மில்லிலிட்டர் குருதி கழிந்தால், திங்கள்தோறும் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. கருவுற்றாலோ பேறுகாலம் முடிய ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கூடுதலாகத் தேவை. நாம் உண்ணும் தானிய உணவிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட உடலில் சேர்வது அரிது. வரவு சிறுகவும் செலவு பெருகவும் இருந்தால் எந்தக் குடும்பம் நிலைக்கும்? போதாக்குறைக்குக் கொக்கிப்புழு வேறு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவரின் பாதத்தைத் துளைத்து நுழையும் அது, குடலைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சி வாழ்கிறது.

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகச் சாந்திபுரம் மண்டலத்துச் சிற்றூர் ஒன்றில் பத்து நாள் தங்கியிருந்தேன். குப்பத்தை அடுத்த அப்பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் கலந்து பேசப்படும். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் அங்கே அன்றாட உணவு. ‘நல்ல உணவாயிற்றே, இவர்களுக்குச் சோகை ஏது?’ என்றுதான் எவரும் நினைப்பர். கேழ்வரகில் 100 கிராமுக்கு நான்கைந்து மில்லிகிராம் இரும்பு உண்டு என்பது மெய்யே. ஆயினும் அதிலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் அவ்விரும்பைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. களி உண்ட கை உலருமுன் தேநீர் வந்துவிடுகிறது. அதன் துவர்ப்பு எஞ்சியதையும் தடுத்துவிடுகிறது. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் ஃபைட்டேட் குறையும். உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு எளிதில் உட்செல்லும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் போதும். இவற்றுக்குக் காசு செலவில்லை.

ஒரு வீட்டில் முதியவர் ஒருவரிடம் களைப்பைப் பற்றிக் கேட்டேன். “அது நோவு இல்ல கண்ணு, பொம்பளப் பொறப்புன்னா அப்பிடித்தான்” என்றார். அவர் மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. கொடுத்த மாத்திரைகள் அட்டை கலையாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தன. “தின்னா வாந்தி வருதுக்கா. புள்ள கறுப்பாப் பொறக்குமாமே?” என்றாள் அப்பெண். மாத்திரையால் மலம் கறுக்கும், குழந்தை கறுக்காது. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆயிற்று; அவள் நம்பச் சில நாள் ஆயிற்று. ஊர் ஆஷா பணியாளரும் உடன் வந்து, இரவு உணவுக்குப் பின் படுக்கப்போகுமுன் விழுங்கச் சொன்னார். முகாம் முடிந்த நாளில் அட்டையில் ஆறு குழிகள் காலியாக இருந்தன. சோகையுள்ள தாய்க்குப் பேற்றின்போது குருதிப் பெருக்கு நேர்ந்தால் அதைத் தாங்கும் வலு இராது. அந்த ஆறு குழிகளை நான் எண்ணிப் பார்த்தது அதனால்தான்.

அம்மாத்திரையில் இரும்போடு இன்னொரு பொருளும் உண்டு. அதன் வரலாறு நம் நாட்டில் தொடங்கியது. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர், நெசவாலைப் பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் வரும் கொடிய சோகையை ஆராய்ந்தார். பின்னர்க் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றழைக்கும் சென்னை மருத்துவமனையிலும் பணியைத் தொடர்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறாகிய மார்மைட் அச்சோகையைத் தீர்ப்பதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த பொருள் எதுவென்று அன்று எவருக்கும் தெரியாது. ‘வில்ஸ் காரணி’ என்றே வழங்கினர். 1941-இல் அப்பொருளைப் பிரித்தெடுத்தவர்கள் அதைக் கீரையிலிருந்து எடுத்தனர். இலத்தீனில் இலையைக் குறிக்கும் ‘ஃபோலியம்’ என்ற சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தனர். ஏழைப் பெண்களின் உணவில் காய்கனி இல்லாமையே காரணம் என்று வில்ஸ் அன்று ஐயுற்றது எவ்வளவு சரி!

இன்று அரசு தரும் மாத்திரையில் கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நாள்தோறும் ஒன்றாக 180 நாள் உண்ண வேண்டும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு வீணாகும். இரண்டையும் வேறு வேளைகளில் கொள்க. ஹீமோகுளோபின் சரியானவுடன் நிறுத்திவிடுவதே பலர் செய்யும் பிழை. உடலின் சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று திங்களாவது தொடர வேண்டும்.

காலை உணவைத் தவிர்த்து வகுப்புக்கு ஓடும் விடுதித் தோழியர்க்கு ஒரு வார்த்தை. அழகுப் பொடிக்குத் தரும் மதிப்பில் பாதியை ஒரு கைப்பிடி வேர்க்கடலைக்குத் தரலாகாதா? இப்பக்கத்து மண் விளைவிக்கும் பொருள்தானே அது! மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் நீண்டாலும், மிகுதியாகப் போனாலும் மருத்துவரைக் காண்க. மாத்திரை உண்டும் எண் உயரவில்லையானால், பி12 குறைவோ பிறவிக் குருதிக்கோளாறோ இருக்கலாம். அதையும் அவரே அறிவார். விரல் நுனியில் ஒரு துளி எடுத்து அளந்தால், பெண்களுக்கு 12 கிராமும் கருவுற்றவர்க்கு 11 கிராமும் இருத்தல் வேண்டும். 7-க்குக் கீழ் இறங்கிய கர்ப்பிணிக்கு இடம் வீடன்று, மருத்துவமனை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இச்சோதனைக்குக் கட்டணம் கிடையாது. ஆகும் நேரம் சில நிமிடங்கள்.