வெளிநாட்டு அச்சும் உள்ளூர் அச்சகமும்

விளைபொருளை மூட்டையாக விற்பதைவிடச் சிறு பொட்டலங்களாகக் கட்டிப் பெயரிட்டு விற்றால் இலாபம் மிகுதி என்பதை நம் உழவர் குழுக்கள் உணர்ந்து வருகின்றன. பொட்டலத்திற்குப் பெயர்ச்சீட்டு வேண்டும். “சீனாவில் அச்சிட்டால் பாதி விலை” என்று தரகர் கூறுவார். அதை ஏற்குமுன் கணக்கை ஆராய்வோம்.

இத்தொழிலால் யார் வாழ்கின்றனர் என்பதை முதலில் காண்போம். மழை குறைந்த சிவகாசிப் பகுதியில் 1920-களில் தீப்பெட்டித் தொழில் தோன்றியது. பெட்டியின்மேல் ஒட்டும் சீட்டுகளின் தேவையால் அச்சுத்தொழில் அங்கு வளர்ந்து, நாட்காட்டி, நாட்குறிப்பு, புத்தகம் எனப் பெருகிற்று. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் நாட்காட்டி மாதிரிகளை வெளியிடுவது அவ்வூர் வழக்கம். இயந்திரம் ஓட்டுவோர் மட்டுமன்றித் தாள் மடிப்போர், தைப்போர், ஒட்டுவோர், சுமை ஏற்றுவோர் ஆகியோரும் இத்தொழிலை நம்பியுள்ளனர். மானாவாரி நிலம் பொய்க்கும் ஆண்டில் இக்கூலியே பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கிறது.

சீனத்தின் பெரிய அச்சகங்கள் ஒரே வேலையை இலட்சக்கணக்கில் அச்சிடுவதால் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு குறைகிறது. பல நாட்டுப் பதிப்பாளர்கள் வண்ணப் புத்தகங்களை அங்கு அனுப்புவது இதனாலேயே. இறக்குமதிப் புத்தகங்களுக்கு நம் மத்திய அரசு 2019-இல் 5 சதவீதச் சுங்கவரி விதித்தது. ஆயினும் வரி ஒன்றே தொழிலைக் காத்துவிடாது.

இப்பொழுது ஓர் உதாரணக் கணக்கு. ஒரு குழுவிற்கு 12,000 சீட்டுகள் தேவை எனக் கொள்வோம். உள்ளூரில் தகடு முதலிய தொடக்கச் செலவு ரூ. 6,000, அதன்மேல் சீட்டு ஒன்றுக்கு ரூ. 1. மொத்தம் ரூ. 18,000. வெளிநாட்டில் சீட்டு ஒன்று 80 காசு. ஆனால் 50,000-க்குக் குறைந்து ஏற்கமாட்டார்கள். விலை ரூ. 40,000, கப்பல் கூலி, வரி முதலியன ரூ. 6,000, ஆக ரூ. 46,000. எஞ்சும் 38,000 சீட்டுகள், விலையோ எடையோ மாறினால் குப்பைக்கே போகும்.

ஆனால் 50,000 சீட்டுகளும் உண்மையில் தேவையாயின் உள்ளூரில் ரூ. 56,000 ஆகும், வெளிநாட்டு வேலை ரூ. 10,000 மலிவு. இதை மறைப்பதில் பயனில்லை. இவ்வேறுபாட்டைக் குறைக்க வழி உண்டா என்பதே கேள்வி.

வழி உண்டு. வண்ண அச்சுக்கு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு தகடுகள் வேண்டும். அண்டை ஊர்க் குழுக்கள் நான்கு சேர்ந்து ஒரே படத்தைத் தேர்ந்து, பெயரையும் எடையையும் கறுப்பு எழுத்தில் மட்டும் அமைத்தால், முதல் மூன்று தகடுகள் எல்லோருக்கும் பொதுவாகும். கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். தனித்தனியே அச்சிட்டால் பதினாறு தகடுகள். சேர்ந்து அச்சிட்டால் ஏழே தகடுகள். தாளையும் மொத்தமாக வாங்கலாம். பிழை கண்டால் மறுநாளே அச்சகத்திற்குச் சென்று திருத்தலாம். கப்பலில் வரும் சரக்கில் அது இயலாது.

அச்சகத்தாருக்கும் கடமை உண்டு. சொன்ன நாளில் சரக்கைத் தருதல், மாதிரி காட்டி ஒப்புதல் பெற்ற பின்னரே அச்சிடுதல், தாளின் தரத்தை ரசீதில் குறித்தல் ஆகிய மூன்றும் தவறினால் வாடிக்கை நிலைக்காது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அண்டை ஊர்க் குழுக்களை ஒரு நாள் கூட்டி, ஆண்டுக்கு எத்தனை சீட்டுகள் தேவை என்று எழுதி வாங்குவார்களாக. அந்தக் கூட்டுத்தொகையைக் காட்டி உள்ளூர் அச்சகங்கள் பலவற்றில் விலை கேட்பார்களாக. சிறு தேவைகள் ஒன்று சேர்ந்தால் பெரு வேலையாகும். அதன் கூலியும் நம் கிராமங்களிலேயே தங்கும்.