தமிழ்க் கடைக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி



லண்டனுக்கு வந்து சேர்ந்த கையோடு எங்களில் பலர் தேடிப்போவது ஈஸ்ட்ஹாமிலோ ரூட்டிங்கிலோ உள்ள ஒரு தமிழ்க் கடையைத்தான். அரிசிமா, கருவாடு மட்டுமல்ல, எந்த பஸ் எடுப்பது, எந்த சொலிசிற்றரிடம் போவது என்ற விபரமும் அங்கேதான் கிடைக்கும். அந்தக் கடை நிலைத்து நிற்கவேண்டும் என்று நீங்கள் விரும்புவது நியாயம்தான். ஆனால் உதவி செய்யப்போய்ச் சிலர் கடைக்கே ஆபத்தைக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

"சம்பளம் வேண்டாம் அண்ணை, சும்மா ரில்லிலை நிக்கிறன்" என்று சொல்லாதீர்கள். வேலை அனுமதி இல்லாதவர் கடையில் சம்பளமின்றி நின்றாலும் அது வேலைதான். சாப்பாடு தந்தால் அதுவும் கூலிதான். தொண்டு நிறுவனங்களில் தொண்டராக இருக்கலாம், வியாபார நிலையத்தில் கூடாது. 2024 பெப்ரவரி 13 முதல் தண்டம் மூன்று மடங்காகிவிட்டது. அனுமதியில்லாத ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரை, மறுபடி பிடிபட்டால் 60,000 பவுண் வரை. ஒரு சின்னக் கடை இதிலிருந்து எழும்பாது. உங்கள்மீதும் வழக்குப் போடலாம், உழைத்த காசையும் பறிமுதல் செய்யலாம்.

உங்கள் பிழையில்லாமல் 12 மாதத்துக்கு மேல் முதல் முடிவு வராவிட்டால் வேலை அனுமதி கேட்கலாம். ஆனால் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டுமே அது செல்லும். ரில்லில் நிற்பது அதில் இல்லை. அகதி அந்தஸ்து கிடைத்தபின் தாராளமாக நில்லுங்கள்.

அப்படியானால் இப்போது என்ன செய்யலாம்? முதலாவது, வாங்கும் சாமானை அங்கே வாங்குங்கள். அஸ்பென் அட்டையையும் அங்கே பாவிக்கலாம்.

லண்டனுக்கு வெளியே அனுப்பப்பட்டவர்கள் கடைக்காரரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் ஒரேயொரு கடை வைத்திருப்பவருக்கு, கட்டிடத்தின் ரேட்டபிள் வலு 12,000 பவுணுக்கு மேற்படாவிட்டால் பிஸ்னஸ் ரேட்ஸ் கட்டத் தேவையில்லை. 15,000 வரை ஓரளவு கழிவு உண்டு. கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கவேண்டும், அதுதான் பலருக்குத் தெரியாது.

கடைத்தெருவை இடித்துக் கட்டத் திட்டம் வந்தால் உங்கள் கருத்தையும் கவுன்சிலுக்கு எழுதலாம். அதற்குப் பிரசையாக இருக்கத் தேவையில்லை. வட லண்டன் செவன் சிஸ்டேர்ஸில் லத்தீன் அமெரிக்க வியாபாரிகளின் சந்தை இருந்த வார்ட்ஸ் கோர்னர் கட்டிடத்தை இடித்து வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் திட்டமிட்டது. வியாபாரிகளும் அயலவர்களும் பல வருடம் விடாமல் எதிர்த்தார்கள். 2021 ஓகஸ்டில் நிறுவனம் விலகிக்கொண்டது. அவர்களும் எங்களைப்போல வந்த சனம்தான்.

ஒரு கவனம்: கருத்து எழுதுபவரின் பெயரும் முகவரியும் பகிரங்கமாக வெளிவரலாம். அது உங்களுக்குப் பயமென்றால் அனுப்புமுன் கவுன்சிலிடம் கேளுங்கள், அல்லது கடிதத்தை எங்கள் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள்.