“நாளைக்குப் பார்ப்போம்”

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் இது. வைத்தியரிடம் போக நாளை, பாவசங்கீர்த்தனத்துக்கு நாளை, சகோதரப் பகை தீர்க்கவும் நாளை. இது வெறும் சோம்பல் அன்று. பல வேளைகளில் இதன் அடியில் இருப்பது பயம்.

புனித அகுஸ்தீனாரைப் பாருங்கள். கி.பி. 354இல் பிறந்த அவர், 19ஆம் வயதில் சிசரோவின் நூலொன்றைப் படித்து ஞானத்தைத் தேட ஆசை கொண்டார். ஆயினும் ஏறக்குறைய 12 ஆண்டுகள் வீணே கழிந்தன. கற்பைத் தரும்படி இறைவனை மன்றாடினார்; உடனே தந்துவிடுவாரோ என்றும் அஞ்சினார்!

386இல் மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தபோது, எடுத்துப் படிக்கச் சொல்லும் பிள்ளைக் குரலொன்று அவருக்குக் கேட்டது. புனித சின்னப்பரின் நிருபத்தைத் திறந்து, கண்ணில் பட்ட பகுதியை வாசித்தார். அவ்வளவுதான் முதற்படி. உடனே நண்பரிடமும் தாய் மொனிக்கம்மாளிடமும் தம் முடிவைச் சொன்னார். ஆசிரியத் தொழிலை மட்டும் அன்றே விடவில்லை. சில நாட்களில் வரவிருந்த திராட்சை அறுவடை விடுமுறைவரை பொறுத்தார். அது தவணை சொல்லல் அன்று. நாள் குறித்த காத்திருப்பு. 387இல் பாஸ்கு இரவில் ஆயர் அம்புரோசியார் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார்.

நமக்குப் பாடம் மூன்று: முதற்படி சிறிதாயிருக்கட்டும். முடிவை ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். காத்திருக்க வேண்டுமாயின் நாளைக் குறியுங்கள்.

பேசாதிருக்கும் தம்பியுடன் முழுச் சமாதானமும் இன்றே கூடிவராது. இன்று மாலை அவர் படலையில் நின்று, “தம்பி” என்று கூப்பிடுங்கள். தொடங்க அது போதும்.