கோட்டுக்குள் எவ்வளவு, படத்தில் எவ்வளவு: புறக்கோட்டைக்கு எந்த ரேஞ்ச்பைண்டர்?

டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் கமரா வாங்க நினைப்பவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், பிறகு மெகாபிக்சலைக் கேட்பார்கள். வியூபைண்டரில் தெரியும் வெள்ளைக் கோடு எத்தனை மீற்றர் தூரத்துக்கு அளந்து போட்டது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. கொழும்புப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் படம் எடுக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

ரேஞ்ச்பைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. கமராவின் மேல் மூலையில் இருக்கும் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். பொருத்திய லென்ஸுக்கு ஏற்ப 35, 50, 90 என்று ஒரு சட்டம் அதற்குள் ஒளிக்கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் அளவு மாறாது; லென்ஸ் பிடிக்கும் பரப்புத்தான் மாறும். கிட்ட இருப்பதைக் குவிக்க லென்ஸ் முன்னே நகர்கிறது, நகர நகரப் பரப்பு ஒடுங்குகிறது. 90 மி.மீ. லென்ஸை 1 மீற்றருக்குக் குவித்தால் அது சென்சரிலிருந்து 100 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பௌதிகக் கணக்கு. வெகுதூரத்துக்குக் குவித்தால் 90 மி.மீ. போதும். ஆக, 1 மீற்றருக்கு அளந்த கோட்டை நம்பித் தூரத்தில் எடுத்தால், அகலத்திலும் உயரத்திலும் 11 வீதம் கூடுதலாகப் படத்தில் விழும். 50 மி.மீ. லென்ஸில் இது ஐந்தரை வீதம். 35இல் 4 வீதத்துக்கும் குறைவு. 35ஐத் தவிர வேறு லென்ஸ் போடாதவர் இந்தக் கட்டுரையில் பாதியைத் தாண்டிப் போகலாம்.

ஒரே கோடு எல்லாத் தூரத்துக்கும் பொருந்தாது என்பதால், கமரா செய்பவர் ஏதாவது ஒரு தூரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. லைக்கா 2006இல் எம்8ஐ வெளியிட்டபோது 0.7 மீற்றரைத் தேர்ந்தது. தையல்காரர் உள்ளே மடித்து விடும் துணியைப் போல, கோட்டுக்கு வெளியே எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், எதுவும் வெட்டுப்படாது. ஆனால் 50 மி.மீ. லென்ஸில் தூரத்துக் காட்சி எடுத்தால் ஒவ்வொரு பக்க அளவிலும் 8 வீதம் கூடுதலாக விழுந்தது. 2008இல் வந்த எம்8.2இல் கோட்டை 2 மீற்றருக்கு மாற்றினார்கள். 2009இல் முழு அளவுச் சென்சருடன் வந்த எம்9இல் அது 1 மீற்றர் ஆயிற்று. அடுத்து வந்த எம் டைப் 240இல் மறுபடி 2 மீற்றர். 2017இன் எம்10உம் 2022இன் எம்11உம் அதையே வைத்துக்கொண்டன. ஒரே நிறுவனம் இப்படி முன்னும் பின்னும் போனதிலிருந்தே சரியான தூரம் என்று ஒன்று இல்லை என்று தெரிகிறது. உங்களுக்கான தூரம் நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

2 மீற்றர் கோட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. அதைவிடக் கிட்டப் போனால் பிழை உட்பக்கமாகத் திரும்புகிறது. 50 மி.மீ. லென்ஸுடன் 0.7 மீற்றரில் ஒரு முகத்தை எடுத்தால், கோட்டுக்குள் தெரிந்ததில் ஏறத்தாழ 5 வீதம் படத்துக்கு வராது. மிச்சமாக விழுந்ததைப் பிறகு வெட்டலாம், வராததை ஒட்ட முடியாது.

இனி தெருவுக்கு வருவோம். பிரதான வீதியில் துணிக்கடை வாசலில் நின்றாலும், முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரச் சாமான் கடைகளுக்கு நடுவே நின்றாலும், எடுக்கப்படுபவர் ஒன்றரை முதல் மூன்று மீற்றருக்குள்தான் இருப்பார். அதற்கு மேல் விலகினால் இடையில் ஒரு கைவண்டி வந்துவிடும். இந்த இடைவெளிக்கு 2 மீற்றர் கோடு அச்சாகப் பொருந்துகிறது. எனவே என் தேர்வு எம்8.2, டைப் 240, எம்10 ஆகியவற்றில் ஒன்று. கையில் காசு குறைவென்றால் டைப் 240. கண்ணாடி போடுபவர் எம்10ஐப் பார்க்கலாம்: அதில் கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் சட்டம் முழுதாகத் தெரியும். அப்படியும் 28 மி.மீ. கோட்டை ஒரே பார்வையில் பிடிப்பது கடினம்.

கெபோஸ் லேனில் மருந்துச் சரக்கு மூட்டைகளைக் குனிந்து படமெடுப்பவருக்கு எம்9இன் 1 மீற்றர் கோடு உதவும். ஆனால் எம்9இல் சென்சர் மேல் கண்ணாடி அரித்துப்போகும் பிரச்சினை பலரும் அறிந்தது. சென்சர் மாற்றிய கமராவா என்று கேட்காமல் வாங்க வேண்டாம். எம்8 இன்று மலிவாகக் கிடைக்கலாம். அகச்சிவப்பு ஒளியை அது போதிய அளவு தடுக்காது என்பதால், லென்ஸில் அதற்குரிய வடிகட்டி போடாவிட்டால் கறுப்புச் செயற்கைத் துணி ஊதா கலந்து விழும். ஹபாயாக் கடை வரிசையை எடுக்க நினைப்பவருக்குக் கோட்டுப் பிழையைவிட இதுதான் பெரிய தலையிடி.

கோடு சரியாக இருந்தாலும் ஜன்னல் லென்ஸ் இருக்கும் இடத்தில் இல்லை. நம் பக்கமிருந்து பார்த்தால் அது லென்ஸுக்கு இடப்பக்கம், சற்று மேலே இருக்கிறது. குவிக்கக் குவிக்கக் கோடு குறுக்காக நகர்ந்து இதை ஈடுசெய்யும். 1954இன் எம்3இலேயே இந்த வசதி இருந்தது. ஆனால் நகர்வது சட்டம் மட்டும்தான், பார்வை அல்ல. ஜன்னலில், சுமை தூக்கும் நாட்டாமியின் தலைக்கு இடப்பக்கம் ஒட்டி நின்ற மின்கம்பம், படத்தில் அவர் தலைக்குப் பின்னால் முளைத்திருக்கும். எந்த மொடலும் இதைத் திருத்தாது. கிட்டப் போகும்போது இடப்பக்கமாகச் சற்று நகரப் பழகிக்கொள்வதுதான் வழி.

2004இல் எப்சன் வெளியிட்ட ஆர்-டி1தான் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர். 6 மெகாபிக்சல்தான். அதன் ஜன்னல் உலகத்தை உள்ளபடியே காட்டும், சிறிதாக்காது. இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு எடுக்கலாம். கூட்டத்துக்குள் இது எவ்வளவு வசதி என்பது பாவித்தால்தான் புரியும். ஆனால் அதில் 28, 35, 50 என்ற கோட்டை நாமே நெம்புகோலால் மாற்ற வேண்டும். லென்ஸை மாற்றிவிட்டுக் கோட்டை மாற்ற மறந்தால் எந்தக் கணக்கும் செல்லாது.

ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை, 2011இலிருந்து 2024இன் எக்ஸ்100 ஆறாவது வரை, கண்டிப்பாகச் சொன்னால் ரேஞ்ச்பைண்டர் அல்ல. தோற்றமும் பார்க்கும் ஜன்னலும் அப்படித்தான். கண்ணாடி ஜன்னலில் பொத்தானைப் பாதி அழுத்தியதும் கோடு இடம் மாறும். ஒரு நெம்புகோலைத் தட்டினால் மின்திரைக்குப் போய், படத்தில் விழப்போவதையே பார்க்கலாம். 35 மி.மீ. லென்ஸுக்கு இணையான ஒரே பார்வை போதும் என்பவருக்கு இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

ஓரம் மயிரிழை பிசகக் கூடாது என்பவருக்கு மின்திரை ஒன்றே வழி. டைப் 240 முதல் பல மொடல்களில் லைவ் வியூ உண்டு. 2025இல் வந்த எம் இவி1இல் ரேஞ்ச்பைண்டரையே எடுத்துவிட்டு மின்திரையை வைத்தார்கள். செட்டியார் தெருவில் பொற்கொல்லர் கையையும் ஊதுகுழலையும் கிட்டத்தில் எடுக்க இதுதான் பொருத்தம். நடமாட்டமுள்ள தெருவில் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கண்ணாடி ஜன்னலில் கோட்டுக்கு வெளியேயும் உலகம் தெரிகிறது. இடப்பக்கத்திலிருந்து “வழி, வழி” என்று தள்ளிக்கொண்டு வரும் வண்டி சட்டத்துக்குள் நுழையும் கணத்தைக் காத்திருந்து பிடிக்கலாம். மின்திரையில் அது நுழைந்த பிறகுதான் தெரியும். கண்ணாடி ஜன்னலின் அந்த வசதிக்காக 5 வீதப் பிழையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

பாவித்த கமரா வாங்குபவர் காசைக் கொடுக்குமுன் சோதிக்க இரண்டாம் குறுக்குத் தெருவிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: 1909இல் கட்டி முடித்த ஜாமியுல் அழ்பார் பள்ளிவாசல். அதன் முகப்பில் சிவப்பும் வெள்ளையுமாக வரிகள் அடுக்கடுக்காகப் போகின்றன. கடைகள் பூட்டிக் கிடக்கும் ஞாயிறு காலை எதிர்ப்பக்கம் நின்று, 50 மி.மீ. லென்ஸில், மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோடு வரை எத்தனை வரி என்று எண்ணிக்கொண்டு எடுங்கள். பிறகு படத்தில் எண்ணுங்கள். கோட்டுக்குள் 20 இருந்து படத்தில் 21 வந்தால், அது 1 மீற்றருக்கு அளந்த கோடு செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. 2 மீற்றர்க் கமராவில் கூடுதல் அரை வரிக்கு மேல் போகக் கூடாது. கோட்டின் தடிப்பால் சிறிது முன்பின் வரலாம், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். கூடுதலாக விழுந்தது மேலும் கீழும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் ஒரே பக்கமாக விழுந்திருந்தால் கோடு இடம் பிசகியிருக்கிறது, ரேஞ்ச்பைண்டரின் குவியமும் பிசகியிருக்கக் கூடும். திருத்தலாம், ஆனால் செலவு உண்டு. விலை பேசும்போது அந்தப் படத்தைக் காட்டிக் குறைக்கச் சொல்லுங்கள்.