தவளை நீச்சலும் கிணறு கற்றுத்தராத பாடமும்

சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் பெருகியதற்கு அங்குள்ள வறண்ட காற்றும் ஒரு காரணம். அந்த வறண்ட பூமியில் பிறந்த பிள்ளைகளுக்கு நீச்சல் பள்ளி எது? தோட்டத்துக் கிணறுதான். மழை பெய்து பெருகினால் கண்மாய். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு குதித்துப் பழகியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள்.

கிணற்றில் மிதக்கப் பழகிவிடலாம். ஆனால் நாலு முறை கை வீசுவதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிடுகிறது. ஆகவே தவளை நீச்சலின் உயிர்நாடியான ஒன்றை அது கற்றுத்தருவதில்லை. கையும் காலும் நீட்டியபடி சும்மா இருக்க, உடல் மட்டும் வழுக்கிச் செல்கிறதே, அதுதான்.

2019-இல் ஆடம் பீட்டி 100 மீட்டரைத் தவளை நீச்சலில் 56.88 விநாடியில் கடந்தார். அதே தூரத்தைக் கட்டற்ற நீச்சலில் பான் ஜான்லெ 2024-இல் 46.40 விநாடியில் கடந்தார். ஏன் பத்து விநாடி வேற்றுமை? கட்டற்ற நீச்சலில் கை காற்றின் வழியே முன்னே திரும்புகிறது. தவளை நீச்சலிலோ கால்கள் நீரைக் கிழித்துக்கொண்டே மடங்க வேண்டும். கைகளும் பெரும்பாலும் அப்படியே. நீர், காற்றைப் போல் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. போதாததற்கு, வேகம் இரு மடங்கானால் நீரின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். முழங்காலை வயிற்றுக்கடியில் இழுத்தால் தொடைகள் பலகைபோல் நின்று உடலை நிறுத்திவிடும். குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மடக்குவதே சரி.

கால்களை அகல விரித்து மூடினால் இடையிலுள்ள நீர் பிதுங்கி நம்மை முன்னே தள்ளும் என்றுதான் முற்காலப் பயிற்சியாளர்கள் நம்பினார்கள். இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கவுன்சில்மன் அதை மறுத்தார். பாதம் நீரைப் பின்னே தள்ளுகிறது. நீர் நம்மை முன்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான்! அவரிடம் பயின்ற செட் ஜாஸ்ட்ரெம்ஸ்கி, சாட்டை வீசுவதுபோன்ற ஒடுங்கிய உதையால் 1961-இல் உலகச் சாதனைகள் படைத்தார்.

இதைத் தரையிலேயே பழகலாம். பெஞ்சின் மேல் குப்புறப் படுங்கள். முழங்காலுக்குக் கீழே வெளியே இருக்கட்டும். குதிகாலை மடக்கி, கால்விரல்களை வெளிப்புறமாகத் திருப்பி, பின்னோக்கி உதைத்துச் சேருங்கள். பின்னால் நிற்கும் நண்பனுக்கு உதைக்கும்போது உங்கள் உள்ளங்கால் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தள்ளுவதற்கு உங்களிடம் துடுப்பே இல்லை!

நீரில் இறங்குமுன் ஒரு வார்த்தை. மிதக்கத் தெரியாதவர் இறங்க வேண்டாம். தெரிந்தவரும் தனியே இறங்கக்கூடாது; நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கயிற்றோடு கரையில் இருக்க வேண்டும். மண் அள்ளிய பள்ளங்கள் கண்மாய் நீருக்கடியில் மறைந்திருக்கும். கல்குவாரிப் பக்கம் போகவே வேண்டாம்.

இனி ஒரு சோதனை. சுவரைக் காலால் உந்தி, கைகளை நீட்டி, உதைக்காமல் செல்லுங்கள். முதலில் தலையை நிமிர்த்தி. பிறகு முகத்தை நீரில் ஆழ்த்தி. எது நெடுந்தூரம் சென்றது? கிணற்றில் நீந்துவோர், தண்ணீர்ப்பாம்புக்குப் பயந்தோ என்னவோ, தலையைத் தூக்கியே நீந்துகிறார்கள். தராசுத் தட்டுபோல், தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும், தடை கூடும்.

அடுத்து, இரண்டு உதைக்கு ஒரு கைவீச்சு என்று நீந்துங்கள். கைகள் தோளைத் தாண்டிப் பின்னே போகவேண்டாம். கைகள் மார்புக்கு முன் கூடும்போது மூச்சை இழுத்து, முகம் நீரில் இருக்கையில் விடுங்கள். ஒவ்வோர் உதைக்குப் பின்னும் உடலை நீட்டி மனத்துக்குள் "ஒன்று, இரண்டு" எண்ணுங்கள். அதற்கு மேல் காத்திருந்தால் வேகம் செத்துவிடும்.

நகரத்து நீச்சல் குளத்தில் 25 மீட்டர் நீந்த வாய்ப்புக் கிடைத்தால், எத்தனை கைவீச்சு, எத்தனை விநாடி என்று நோட்டில் குறித்துவையுங்கள். ஒரு மாதம் கழித்து, விநாடி கூடாமல் கைவீச்சு இரண்டு குறைந்திருந்தால், உங்கள் கால் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.