டயர் அழுத்த விளக்கை அணைக்கும் முன்

டயரின் குறுக்குவெட்டைப் போன்ற வளைவுக்குள் ஆச்சரியக்குறியுடன் மஞ்சளாக ஒளிரும் விளக்கு, காற்றழுத்தம் குறைந்துவிட்டதை உணர்த்தும் அறிகுறியே ஆகையால், காற்றைச் சரிசெய்யாமல் அதை அணைப்பதால் பயனில்லை. வெல்லவாயவின் நண்பகல் வெயிலில் நிரப்பிய டயர் பண்டாரவளையின் விடியற்குளிரில் தளர்வது இயல்பு. வெப்பநிலை 5 முதல் 6 பாகை செல்சியஸ் குறையும்போதெல்லாம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) குறைகிறது. மலையேறும்போது வெளிவளியின் அழுத்தம் குறைவதால் அளவுமானி சற்றே கூட்டிக் காட்டி அந்தக் குறைவின் ஒரு பகுதியை மறைத்துவிடுவதும் உண்டு. ஆயினும் குளிரின் மீது பழி போடுமுன், தோட்டப் பாதைகளின் கூரிய கற்கள் டயரின் பக்கவாட்டைக் கீறியுள்ளனவா, ஆணி ஏதும் ஏறியுள்ளதா என்று பார்ப்பதே முறை.

வாகனம் மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற பின், சாரதியின் கதவுத் தூணில் ஒட்டப்பட்டுள்ள அளவுப்படி நான்கு டயர்களுக்கும் காற்றடிக்க வேண்டும். பெரகலை இறக்கத்தில் சூடேறிய டயரின் அளவை நம்பலாகாது. பின்னர் இயந்திரத்தை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, பல டொயோட்டா வகைகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள ரீசெட் பொத்தானை, விளக்கு மூன்று முறை மெதுவாகச் சிமிட்டும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பொத்தான் இல்லாத பல வாகனங்களில் இவ்வசதி திரைப்பட்டியலில் இருக்கும். சாவியைத் திருப்பியதும் ஏறத்தாழ ஒரு நிமிடம் சிமிட்டிவிட்டு விளக்கு நிலையாக எரிந்தால், பழுது காற்றில் அன்று, அழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பிலேயே உள்ளது. பழைய வாகனங்களில் பெரும்பாலும் சக்கரத்தினுள் உள்ள உணரியின் மின்கலம் தீர்ந்திருக்கும்.