திரையில் பார்த்த முகம்



கண்ணை மூடி ஜெபித்தால் ‘நாசரேத்தின் இயேசு’ தொடரில் நடித்த ராபர்ட் பவலின் முகமே வந்து நிற்கிறது, இது பாவமா என்று கேட்டிருந்தாய். பயப்படாதே. 1977-இல் செஃபிரெல்லி எடுத்த அந்தத் தொடரைப் பார்த்த எத்தனையோ பேர் மனதில் அந்த நீலக் கண்கள் பதிந்துபோயின. ஆண்டவரின் நிறம், உயரம், முகச்சாயல் எதையும் நான்கு சுவிசேஷங்களும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் நடிகர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். கூடவே இயக்குநரின் பார்வையும் உனக்குள் வந்துவிடுகிறது. கவனம் வேண்டியது அங்கேதான்.

உதாரணமாக, மெல் கிப்சனின் 2004-ஆம் ஆண்டுப் படத்தில் இயேசு படும் வாரடி நீண்டுகொண்டே போகும். மாற்கு 15:15-ஐ எடுத்துப் பார், அந்த அடி பாதி வசனத்தில் முடிந்துவிடும். சுவிசேஷங்களோடு, ஆன் காத்தரின் எம்மெரிக் என்ற ஜெர்மானியக் கன்னியாஸ்திரீ கண்டதாகச் சொல்லப்படும் தரிசனங்களையும் கிப்சன் எடுத்தாண்டார். அதைப் பார்த்து அழுதால் தப்பில்லை. வேதம் எங்கே பேசுகிறது, கிப்சன் எங்கே பேசுகிறார் என்று தெரிந்துகொண்டு அழு.

இயக்குநர் பசோலினியின் படத்தை நீ இன்னும் பார்க்கவில்லை. அவர் நாத்திகர், மார்க்சியர்; ஆனாலும் மத்தேயு சுவிசேஷத்தை 1964-இல் கறுப்பு வெள்ளையில் படமாக்கினார். இயேசுவாக நடித்தவர் என்ரிக்கே இராசோக்கி என்ற ஸ்பானிய மாணவர். பேச்செல்லாம் மத்தேயுவின் வசனங்கள்தான். இந்த இயேசு விறுவிறுவென்று முன்னால் நடப்பார். பின்னால் ஓடிவரும் சீஷர்களிடம் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துப் பேசுவார். புன்னகைக்கும் இயேசுவையே பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் கோபமும் அவசரமும் திடுக்கிட வைக்கும். ஆனால் மத்தேயு 23-ஐ வாசி, அந்தக் கோபம் அங்கேயே இருக்கிறது! நாம் அவசரமாகத் தாண்டிப்போகும் அதிகாரத்தை, விசுவாசியல்லாத ஒருவர் நின்று வாசித்திருக்கிறார்.

எனக்கு நெருக்கமான காட்சி ‘பென்ஹர்’ படத்தில் உண்டு. வைலர் 1959-இல் எடுத்தது. நாசரேத்தில், சங்கிலியோடு கிடக்கும் கைதிக்கு இயேசு தண்ணீர் கொடுக்கிறார். நமக்குத் தெரிவது அவர் முதுகும் கையும்தான். தடுக்க வந்த ரோமப் படைவீரன் அவர் முகத்தைப் பார்க்கிறான். அதட்டல் அப்படியே நின்றுபோய், என்ன செய்வதென்று புரியாமல் விலகுகிறான். முகம் அவனுக்குத் தெரிகிறது, நமக்கு இல்லை. இதைவிடப் பயபக்தியான காட்சியை நான் திரையில் பார்த்ததில்லை.

ஜெபத்தில் பவல் வந்தால் விரட்டிக்கொண்டிருக்காதே, அதிலேயே நேரம் போய்விடும். ஆண்டவரோடு பேசத் தொடங்கு. இந்த லெந்து நாட்களில் மத்தேயுவை முழுவதும் வாசித்து முடி. பிறகு பசோலினியைப் பார். எந்த இடத்தில் உனக்குச் சண்டை போடத் தோன்றியதோ, அதை வசன எண்ணோடு எனக்கு எழுது.

உன் பெரியப்பா